நாலாம் பாளம்

எங்கள் அருங்காட்சியக இயக்குநருக்குச் செத்துக் கல்லாகிப்போன எதுவாக இருந்தாலும் டைனோசர்தான். ஆமை ஓட்டைக் காட்டினால், "இது எந்த வகை டைனோசர்?" என்பார். ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். மனிதர் நன்றாகத் தலையாட்டுவார். அடுத்த வாரமே ஒரு விருந்தாளியை அழைத்துவந்து அதே ஆமைக்கு முன்னால் நின்று, "இது எங்க குட்டி டைனோசர்" என்று கை காட்டுவார்.

அவருக்கு நான் வைத்த பெயர் ரிப்பன். குடிதண்ணீர்க் குழாய் மாற்றினால்கூட ரிப்பன் கட்டிவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடுகிற ஆள். என்னை மட்டும் சும்மா விட்டார்களா என்ன? எனக்கு ஊசி என்று பெயர். கல்லுக்குள் கிடக்கும் எலும்பைக் கல்லிலிருந்து பிரித்தெடுப்பது என் தொழில். காற்றழுத்தத்தில் துடிக்கும் பேனா பருமனான ஊசி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, தூசி ஊத ஒரு ரப்பர் குழாய், கொஞ்சம் பசை. ஒரு விரல் அகலம் சுத்தம் செய்ய ஒரு நாள் போய்விடும். அந்த ஊசியால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பழையவர்களைக் கேட்டால் என் வாயைக் காட்டுவார்கள்.

இந்த வருடம் கடல் அரங்கத்துக்குக் கூரை மாற்றினார்கள். ஒன்பது மாதம் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கிடந்த ஏழு மிருகங்களையும் துடைத்து நிறுத்தியாயிற்று. சனிக்கிழமை திறப்பு விழா. திங்கட்கிழமை காலையில் ரிப்பன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருக்கும் என் பட்டறைக்கு இறங்கி வந்தார்.

"பாருங்க மேடம். ஏழுக்கும் சேத்து வாசல்ல ஒரே பெரிய பலகை. 'கடல் டைனோசர்கள்'. ஜனங்களுக்கு ஏழு பேரெல்லாம் மனசுல நிக்காது."

"சார், இந்த ஏழுல ஒண்ணுகூட டைனோசர் இல்ல."

"தெரியும், தெரியும். பேச்சுக்குச் சொல்றதுதானே."

பேச்சுக்குச் சொல்கிறாராம். கழுத்தே ஒரு அறை நீளத்துக்கு வளர்ந்து, அதன் நுனியில் கைப்பை அளவுத் தலையை வைத்துக்கொண்டு, நாலு துடுப்பால் நீந்திய பிளீசியோசர் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரன் முறை வரும் இன்னொன்று, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்த்துக்கொண்டது. உடும்புக்கு உறவான மோசாசர் இருக்கிறது. சிப்பியை நொறுக்கித் தின்பதற்காக வாய் முழுக்கத் தட்டைப் பற்களை வைத்துக்கொண்டு கடலடியில் மந்தமாக நகர்ந்த ஒன்று, கரையில் பாதி தண்ணீரில் பாதி என்று காலம் தள்ளிய ஒன்று, ஒரு ஆமை. ஏழாவதாக, டால்பின் உருவத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலக் கண்ணோடு இக்தியோசர். மீன்பல்லி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். எல்லாம் ஊர்வன, எல்லாம் மூச்சு விட மேலே வரவேண்டியவை, அவ்வளவுதான் ஒற்றுமை. பெரும்பாலும் தனித்தனிக் குடும்பம், தனித்தனிக் காலத்தில் தரையை விட்டுக் கடலுக்குப் போனவை. முதலில் போனதற்கும் கடைசியில் போனதற்கும் நடுவில் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. தெருவில் இருக்கும் ஏழு வீட்டுக்காரர்களையும் நிறுத்திப் படம் எடுத்து, கீழே 'ஆட்கள்' என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் ரிப்பன் தாளைத் திருப்பிவிட்டார். பின்பக்கத்தில்தான் வில்லங்கமே இருந்தது.

"இது மீன்பல்லிக்கு மட்டும் தனிப் பலகை. இதுதான் நம்ம விழாவுக்கே ஹைலைட்."

அதில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'தன் குட்டிகளையே விழுங்கிய கொலைகாரத் தாய்.'

தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி இன்னொரு முறை படித்தேன்.

அந்த மீன்பல்லி பதினாலு அடி நீளம். பதினெட்டுக் கோடி ஆண்டு பழைய பாறையில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. வெட்டி எடுத்த காலத்தில் ஆறு பாளமாக அறுத்து, எண் போட்டுக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, பிறகு சுவரில் ஒன்றாக இணைத்தார்கள். மூன்றாம் பாளத்தில், விலா எலும்புகளுக்குள்ளே இரண்டு குட்டி மண்டையோடுகள் தெரியும். வந்து போகிற பிள்ளைகள் எல்லாம் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்ப்பது அதைத்தான்.

"சார், அது விழுங்கல. அது கர்ப்பம். இந்த ஜாதி முட்டை போடாது, குட்டி போடும். தின்னது எதுன்னு தனியா தெரியுது. ரெண்டாம் பாளத்தைப் பாருங்க. கருப்பா அப்பிக் கெடக்கறது அது தின்ன கணவாய் மீனோட கைக்கொக்கி. அதுதான் இரைப்பை. குட்டிங்க அதுக்கு ரொம்பப் பின்னாடி இருக்கு."

ரிப்பன் சிரித்தார். "முன்னாடி சாப்பாடு, பின்னாடி இனிப்பு."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. புத்தகத்தை எடுத்து விரித்தேன். உலகத்தில் வேறு எத்தனையோ இடங்களில் இதே ஜாதி வயிற்றில் குட்டியோடு கிடைத்திருக்கிறது என்று படத்தைக் காட்டினேன்.

"அது அவங்களோட மிருகம். நம்மளது எப்படின்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு செய்யுங்க. வெளிய வர்ற மாதிரி ஒரு குட்டியக் காட்டுங்க, நம்பறேன். பலகை வியாழக்கிழமை மத்தியானம் அச்சுக்குப் போகுது."

ஆராய்ச்சியாளர் பதவி மூன்று வருடமாகக் காலி. இருந்திருந்தால் அவரைப் பிடித்து இழுத்துவந்து பேசவைத்திருக்கலாம். இப்போது படித்த பட்டம் எதுவும் இல்லாத நான், படித்த பட்டத்தால் ஒரு பிரயோசனமும் இல்லாத ரிப்பன், நடுவில் அந்தத் தாய். வியாழக்கிழமைக்குள் நான் அத்தாட்சி காட்டவில்லை என்றால் அவள் பெயர் கொலைகாரி. ஒருமுறை சுவரில் ஏற்றிவிட்டால் இருபது வருடத்துக்கு எவனும் கழற்றமாட்டான்.

மேலே அரங்கத்துக்குப் போய் நின்று பார்த்தேன். வெளியே வருகிற குட்டி இருக்கவேண்டிய இடம் நாலாம் பாளம், இடுப்பெலும்புக்குப் பக்கம். அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று சுரண்டி எடுத்த வெறும் பள்ளம். பள்ளத்து ஓரத்தில் தாயின் இடுப்பெலும்பு மட்டும் பளிச்சென்று, கழுவி வைத்த பாத்திரமாக மின்னிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் தலைக்கேறியது. இது சுத்தியலின் கைவரிசை. சுத்தியல் என்பது எனக்கு முன்னால் இந்தப் பட்டறையில் மூத்த தொழிலாளியாக இருந்தவர். பத்து வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றுப் போனார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆள், காதில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பென்சில், கையில் ஊசியை விட உளியும் சுத்தியலும்தான் அதிகம் இருக்கும். அதனால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். ஆறு பாளத்தையும் இணைத்துச் சுவரில் ஏற்றியது அவர்தான். ஏற்றிய நாளில் அந்தப் பள்ளத்தை முதலில் பார்த்தவள் நான். அன்றிலிருந்து போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்: "எலும்பு வேலைக்கு வந்த ஆளா அது? கசாப்புக் கடைக்குப் போகவேண்டிய ஆள்."

என் மகளும் இதே அருங்காட்சியகத்தில்தான் வேலை பார்க்கிறாள். வழிகாட்டி. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப்போய்க் கதை சொல்கிறவள். அந்தக் கதைகளைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. ஆனால் நாலாம் பாளத்துக்கு முன்னால் நின்று, "முன்னாடி இருந்த ஒருத்தர் அவசரப்பட்டுச் சுரண்டினதால இந்த இடம் இப்படி ஆயிடுச்சு" என்று நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லுவாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் எல்லாம் என் கையில் அடி வாங்கியது. என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"இன்னைக்கு யாரு? ரிப்பனா, சுத்தியலா?"

"ரெண்டு பேரும்தான். ஒருத்தர் கெடுத்து வச்சாரு, இன்னொருத்தர் அதுக்குப் பலகை வைக்கறாரு."

"கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல, வெளிய, எங்கயாச்சும் 'தப்பு என்னோடது'ன்னு உன் வாயால ஒரு தடவை கேட்டுட்டாப் போதும். நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

"தப்பு பண்ணினாத்தானே சொல்றதுக்கு" என்றேன். மகள் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியோடு நாலாம் பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்தின் ஓரங்களில் ஏதாவது மிச்சம் இருக்காதா என்று ஒவ்வொரு மணல்துகளாகத் தள்ளிப் பார்த்தேன். குட்டியின் எலும்பு என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. கெடுத்தாலும் சுத்தமாகக் கெடுத்திருக்கிறார் மனிதர், அதைச் சொல்லியாகவேண்டும். வாசலிலிருந்து ரிப்பன் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "கிடைச்சுதா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை வழித்து ஒரு டப்பாவில் போடலாம்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு பாளத்திலிருந்து எதை வெளியே எடுத்தாலும், எடுப்பதற்கு முன்னால் அது கிடந்த இடத்தையும் கிடந்த விதத்தையும் ஒரு தாளில் அளவு மாறாமல் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். எடுத்ததைத் தாளோடு சேர்த்து டின்னில் போட்டு மூடிவைக்க வேண்டும். எவ்வளவு மட்டமான கையாக இருந்தாலும் இதைச் செய்யாமல் விடமாட்டான். சுத்தியலும் செய்திருப்பார். ஆனால் அந்த டின் கிடங்கில் இருக்கிறதா, கூரை ஒழுகினபோது குப்பையோடு போய்விட்டதா என்பதுதான் தெரியவில்லை.

புதன்கிழமை மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினேன். அரங்கம் மூடியிருந்ததால் அவளுக்கும் வேலை இல்லை. ஜன்னல் இல்லாத நீள அறை. தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள், அதில் துருப்பிடித்த பிஸ்கட் டின்கள், பால்பவுடர் டின்கள், செருப்புப் பெட்டிகள். ஒன்றில்கூட ஒழுங்காகப் பட்டியல் கிடையாது. காலையில் ஆரம்பித்தோம். நான் திறந்த ஒவ்வொரு டின்னுக்கும் அதை மூடிவைத்தவரின் வம்சத்தைத் திட்டினேன். மகள் திறந்து, பார்த்து, மூடி, அடுத்ததை எடுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அம்மா, இதுல 'பாளம் 4'னு போட்டிருக்கு."

பிடுங்காத குறையாக வாங்கினேன். சதுர பிஸ்கட் டின். உள்ளே பஞ்சில் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவில் முதுகெலும்பு வட்டுகள், நசுங்கிய சின்ன மண்டையோடு ஒன்று, துடுப்பு எலும்புகள். ஒன்றிலும் இரைப்பை அமிலம் அரித்த தடயம் இல்லை. விழுங்கப்பட்டது எதுவும் இவ்வளவு முழுதாக இருக்காது. அடியில் நாலாக மடித்த தாள். மேசை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் விரித்தேன்.

வரைந்த கை லேசுப்பட்ட கை இல்லை. தாயின் இடுப்பெலும்பு, அதைத் தாண்டிப் போகிற ஒரு பொத்தான் வரிசை, ஒன்றுகூடக் கலையாமல், எண் போட்டு. தலை தாயின் வயிற்றுக்குள். வால் வெளியே. உடம்பின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் தூரம் வெளியே வந்திருக்கிறது. இந்த ஜாதியில் குட்டி பெரும்பாலும் வால் முதலில்தான் வரும். அவள் மூன்றாவதைப் பெற்றுக்கொண்டிருந்தபோதே செத்திருக்கிறாள். ரிப்பன் கேட்டது அப்படியே கையில் இருந்தது.

"கெடச்சிருச்சுடி" என்றேன். "பாரு, இவ்வளவு அழகா வரைஞ்சு வச்சுட்டு, அப்புறம் அதையே சுரண்டி எறிஞ்சிருக்கானே அந்த ஆளு. கீழ என்ன எழுதியிருக்கான் பாரு. 'சிதறிய இரை மிச்சம். இடுப்பெலும்பை மறைக்கிறது. தூக்கிப் போடலாம்.' கண்ணு எங்க வச்சிருந்தான்?"

மகள் விளக்கை இன்னும் கிட்ட இழுத்தாள். அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'தூக்கிப் போடலாம்' என்பதற்குக் கீழே விரலை வைத்தாள். அங்கே நேராக இரண்டு கோடு இழுத்திருந்தது.

"அம்மா. நம்ம வீட்டு உப்பு டப்பால இதே ரெட்டைக் கோடு இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. உப்பு, சர்க்கரை, சோடா மாவு என்று எல்லா டப்பாவிலும் எழுதி ஒட்டி, கீழே இரண்டு கோடு போடுவது என் பழக்கம். இருபத்தாறு வருடப் பழக்கம்.

தேதியைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அப்போது ஆறு பாளத்தையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எந்த மிருகத்தினது என்றுகூடத் தெரியாமல் என் மேசைக்கு வந்த முதல் கல் ஒன்று நினைவுக்கு வந்தது. இவ்வளவு முழுதான இடுப்பெலும்பு அபூர்வம், அதைப் பளிச்சென்று காட்டிவிட்டால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று ராவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன். மேலே குறுக்கே கிடந்த பொத்தான்களைக் குப்பை மாதிரி தள்ளினேன். பிறகு அடுத்த கல், அதற்கடுத்த கல். நாலு வருடம் கழித்து அந்தப் பாளம் சுவரில் ஏறியபோது, என் வேலையைப் பார்த்து நானே காறித் துப்பியிருக்கிறேன். அதுவும் இன்னொருத்தர் முகத்தில்.

கை வரைந்தது எல்லாம் சரி. கண் பார்த்ததை அளவு மாறாமல் வரைந்திருக்கிறது. அதன் அடியில் வாய்க்கு வந்ததை எழுதியவளும் நான்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றாள் மகள். இரட்டைக் கோட்டுக்கும் கீழே, தாளின் ஓரத்தில், சிவப்புப் பென்சிலில் இரண்டே வார்த்தை. 'வேண்டாம். வைக்கவும்.'

நான் எறியச் சொன்னதை எறியாமல் வைத்தது சுத்தியல். கிடங்கில் ஒரு முக்காலி இருந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. வேறு வார்த்தையெல்லாம் தேடவேண்டாம், அவமானம்தான்.

"என்னடி செய்யறது?"

"என்னைக் கேக்காத. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே பாத்துக்க" என்றாள். டின்னை மூடி என் மடியில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனாள்.

அன்று வீட்டில் ஒரு பாத்திரமும் சத்தம் போடவில்லை. கணவர் செய்தித்தாளை இறக்கி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ரிப்பன் அறையில் நின்றேன். விழாவில் பேசவேண்டியதைச் சொல்லிக்கொடுப்பதற்காக என் மகளையும் அங்கே வரவழைத்திருந்தார். அறை முழுக்கப் பூச்செண்டு விலைப் பட்டியலும் ரிப்பன் சுருளும். டின்னைத் திறந்து மேசையில் பொத்தான்களைத் தாளில் இருந்த வரிசைப்படியே அடுக்கினேன். தலை உள்ளே, வால் வெளியே. ஒரு சின்ன உடம்பு வெளியே வருவது அவருக்கே தெரிந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் எந்த மரியாதையும் இல்லைதான், ஆனாலும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அப்ப நிஜமாவே பிரசவம்தானா?"

"பிரசவம்தான் சார். பாதியில செத்துட்டா."

"அடடா." ஒரு பொத்தானை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் வைத்தார். பிறகு பழைய ரிப்பன் திரும்பி வந்தார். "இது கொலைகாரியை விட நல்லாவே எடுபடும். 'பிரசவ வலியில் உயிர்விட்ட டைனோசர் தாய்'. ஆமா, அந்தப் பள்ளம்? யாராச்சும் கேட்டா? அது சுத்தியல் பண்ணின வேலைன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க. அவர்தான் சுரண்டிட்டாருன்னு ஓரமா ஒரு வரி போட்டுரலாம். சரிதானே?"

தாளில் கையொப்பம் இல்லை. பெயர் இல்லை. ரிப்பன் எங்கள் வீட்டு உப்பு டப்பாவைப் பார்த்ததில்லை. தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். தாயின் பெயர் காப்பாற்றப்பட்டுவிடும், என் பெயரும். ஓய்வு பெற்று எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு ஏற்கெனவே போனது போனதுதானே என்றுகூட நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வீம்புக்கு ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

"இல்ல சார்" என்றேன். "அது என் கையெழுத்து. சுரண்டினது நான். தப்பு என்னோடது."

மூன்று வாக்கியமில்லை, மூன்று பாளம் தூக்கினாற்போல் மூச்சு வாங்கியது. ரிப்பன் என்னையே பார்த்தார். இந்த வாயிலிருந்து இது வருமா என்று அவருக்கும் சந்தேகம்.

"சரி, போகட்டும் மேடம். மனுஷங்கதானே. அதையெல்லாம் எதுக்குப் பலகையில எழுதிக்கிட்டு? பூசி மெழுகி விட்டுரலாம்."

அப்போதுதான் மகள் திரும்பினாள். "முடியாது சார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் அந்த இடத்துல நின்னு, முன்னாடி இருந்தவர் கெடுத்துட்டாருன்னு சொல்லியிருக்கேன். ஆறாயிரம் பிள்ளைங்களாச்சும் கேட்டிருப்பாங்க. அவங்க எல்லாரையும் நான் எங்க போய்த் தேடறது? எழுதித்தான் ஆகணும்."

இவள் யார் மகள் என்று ரிப்பனுக்கு அந்த நிமிடம் விளங்கியிருக்கும். பலகையின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் அதிலிருந்து ஒரு வார்த்தையையும் எடுக்கவில்லை. எடுத்தால் டின் என் மடியை விட்டு வராது என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை. வாசலில் 'கடல் டைனோசர்கள்' என்ற பெரிய பலகை அப்படியே தொங்கியது. அந்தச் சண்டை அடுத்த வாரத்துக்கு. உள்ளே ரிப்பன் ரிப்பனை வெட்டி, கைதட்டி, பேச்சில் ஏழு முறை டைனோசர் என்று சொல்லி முடித்தார். கூட்டம் கலைந்து பலகாரத் தட்டுகள் பக்கம் போன பிறகு, என் மகள் ஒரு வயதானவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நேரில் போய் அழைத்தது அவள்தான். எனக்குப் போக முகம் இல்லை. சட்டைப் பையில் அதே சிவப்புப் பென்சில்.

அவர் நேராக மீன்பல்லிக்கு முன்னால் போய் நின்று பலகையைப் படித்தார்.

'இவள் தன் குட்டிகளைத் தின்னவில்லை. மூன்றாவதைப் பெற்றுக்கொண்டிருக்கும்போது இறந்தாள். அந்தக் குட்டியை இரை என்று நினைத்து இங்கிருந்து சுரண்டி எடுத்தவள் இந்த அருங்காட்சியகத்தின் எலும்புத் தொழிலாளி. பழியை மூத்த தொழிலாளி மேல் பல வருடம் போட்டவளும் அவளே. எறியச் சொன்ன எலும்புகளை எறியாமல் வைத்தவர் அந்த மூத்தவர். குட்டி இப்போது கீழே உள்ள கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.'

இரண்டாம் முறையும் படித்தார். குனிந்து பெட்டியில் இருந்த பொத்தான் வரிசையைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் கசாப்புக்காரர் என்பேன், முகத்துக்கு நேராக எப்போதும் அண்ணாதான்.

"அண்ணா, அது குட்டின்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் உங்களைச் சொன்னதெல்லாம்?"

"அதுவும் காதுல விழுந்துது."

"பின்ன ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு தடவை உன் மேசைகிட்ட வந்தேம்மா. மூணு தடவையும் நீ பேசிட்டிருந்தே."

இதற்கும் ஒரு பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, எதிர்ச் சுவரில் நின்ற மோசாசரைக் காட்டினார். நானே நான்கு மாதம் உட்கார்ந்து, என் கையால் பொருத்திய மோசாசர்.

"சொல்லாம விட்டது இன்னும் ரெண்டு மூணு இருக்கு. இப்ப சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணா" என்றேன். போய் இரண்டு நாற்காலி எடுத்துவந்தேன்.